கோப்பு எந்தக் கட்டத்தில் நின்றது? பிஎச்பி பதிவேற்றக் கோளாறுகளைக் கண்டறிதல்

படிவத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'அனுப்பு' பொத்தானை அழுத்திய பிறகு, அந்தக் கோப்பு சர்வரின் வட்டில் நிலையாகப் பதியும் வரை ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. உலாவி அதைப் பொதிந்து அனுப்புகிறது. அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ அதை வாங்கிக்கொள்கிறது. பிஎச்பி பொதியைப் பிரித்து ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி வைக்கிறது. நிரல் அதைச் சோதிக்கிறது. கடைசியில் அது உரிய கோப்புறைக்கு நகர்த்தப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரம்பு, தனி அனுமதி, தனி லாக் உண்டு. பயனர் பார்ப்பதோ 'பதிவேற்றம் தோல்வி' என்ற ஒரே வாக்கியத்தைத்தான்.

ஆகவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் கோப்பு எந்தக் கட்டம் வரை வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் பிஎச்பி வரம்பை உயர்த்துவது, கோப்புறைக்கு 777 அனுமதி கொடுப்பது, சர்வரை மறுபடி இயக்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாக முயல்பவர் பல நேரங்களில் பழைய கோளாறோடு புதிய பாதுகாப்பு ஓட்டையையும் சேர்த்து வைத்துவிடுகிறார். இந்த அத்தியாயம் உலாவியில் தொடங்கி வட்டு வரை, கோப்பு போகும் அதே வரிசையில் செல்கிறது. அமைப்புகள், செயற்கூறுகளின் பெயர்கள் உச்சரிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. சர்வரில் அவற்றை ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகள் உட்பட அப்படியே எழுத வேண்டும்.

படிவமும் உலாவியும்

வலைப் படிவத்தின் வழியே கோப்பு அனுப்பும் முறையை 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1867 வரையறுத்தது. அன்று வகுத்த விதி இன்றும் மாறவில்லை: கோப்பு அனுப்பும் படிவத்தின் முறை 'போஸ்ட்' ஆகவும், அதன் 'என்க்டைப்' பண்பு 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' ஆகவும் இருக்க வேண்டும். இரண்டாவதை எழுத மறந்தால் உலாவி கோப்பின் பெயரை மட்டும் ஒரு சாதாரணச் சொல்லாக அனுப்பிவிடும். உள்ளடக்கம் கணினியை விட்டே கிளம்பாது. சர்வரில் 'போஸ்ட்' அணியில் கோப்பின் பெயர் இருந்து 'ஃபைல்ஸ்' அணி காலியாக இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

கோப்புப் புலத்துக்கு 'நேம்' பண்பு இல்லாவிட்டாலும் அது அனுப்பப்படாது. 'ஐடி' மட்டும் போதாது. பொத்தானை அழுத்தியதும் படிவத்தின் புலங்களை முடக்கி வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால், முடக்கிய புலத்தை உலாவி பொதியில் சேர்க்காது. பயனர் இருமுறை அழுத்துவதைத் தடுக்க எழுதிய நல்ல வரியே இப்படிக் கோப்பை விழுங்கிவிடுவது உண்டு.

'ஃபெட்ச்' கொண்டு ஜாவாஸ்கிரிப்ட்டில் அனுப்பும்போது வேறொரு பிழை பரவலாக நேர்கிறது. 'ஃபார்ம்டேட்டா' பொருளை அனுப்புபவர், முன்னெச்சரிக்கையாக 'கன்டென்ட்-டைப்' தலைப்பையும் தாமே எழுதிவிடுகிறார். பொதியில் ஒரு பகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் 'பவுண்டரி' என்ற எல்லைக் குறி அந்தத் தலைப்பில்தான் இருக்க வேண்டும். அதை உலாவி மட்டுமே அறியும். கையால் எழுதிய தலைப்பில் எல்லைக் குறி இல்லாததால் பிஎச்பியால் பொதியைப் பிரிக்க முடியாமல் போகிறது. 'பவுண்டரி இல்லை' என்ற எச்சரிக்கை லாகில் பதிவாகும். அந்தத் தலைப்பு வரியை நீக்கிவிட்டால் உலாவி சரியான தலைப்பைத் தானே எழுதிக்கொள்ளும்.

முறை 'புட்' அல்லது 'பேட்ச்' ஆக இருந்தால், பொதி சரியாக வந்து சேர்ந்தாலும் பிஎச்பி 'ஃபைல்ஸ்' அணியை நிரப்பாது. 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4இல்தான் இதற்கென 'ரிக்வெஸ்ட்_பார்ஸ்_பாடி' என்ற செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் 'போஸ்ட்' முறைக்கு மாறுவதே சிக்கலற்ற வழி.

இந்தக் கட்டத்தைச் சரிபார்க்க உலாவியின் டெவலப்பர் கருவியில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கோப்பைப் பதிவேற்ற வேண்டும். கோரிக்கையின் அளவு கோப்பின் அளவை ஒட்டி இருக்கிறதா, தலைப்பில் எல்லைக் குறி இருக்கிறதா, விடையாக வந்த எண் என்ன என்ற மூன்றும் அங்கேயே தெரியும். அதே இடத்தில் 301, 302 எண்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். படிவம் 'எச்டிடிபி' முகவரிக்கு அனுப்ப, சர்வர் 'எச்டிடிபிஎஸ்' முகவரிக்குத் திருப்பிவிட்டால், உலாவி இரண்டாம் முறை 'கெட்' கோரிக்கையாகவே போகும். கோப்பு வழியில் உதிர்ந்துவிடும். முகவரியின் கடைசியில் சாய்கோடு விடுபட்டதால் நிகழும் திருப்பத்துக்கும் இதே விளைவுதான். பிஎச்பி பக்கம் எந்தப் பிழையும் பதிவாகாததால், இந்தக் கோளாறைச் சர்வருக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. படிவத்தின் 'ஆக்‌ஷன்' பண்பில் இறுதி முகவரியை நேராக எழுதுவதே தீர்வு.

வலைச் சர்வரின் வரம்பு

413 என்ற எண் விடையாக வந்தால் கோப்பு பிஎச்பியை எட்டவே இல்லை என்று பொருள் கொள்ளலாம்; சில சட்டகங்கள் தாமாகவே இந்த எண்ணை அனுப்புவது மட்டும் விதிவிலக்கு. என்ஜின்எக்ஸில் 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1 எம்பி மட்டுமே. பிஎச்பியின் இயல்பு வரம்பு 2 எம்பி. ஆகவே 1.5 எம்பி அளவுள்ள புகைப்படத்தை ஏற்க பிஎச்பி தயாராக இருந்தாலும் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் அதைத் திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பியில் வரம்பை 100 எம்பிக்கு உயர்த்திய பிறகும் எதுவும் மாறவில்லை என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அப்பாச்சியில் இதற்கு நிகரானது 'லிமிட்ரிக்வெஸ்ட்பாடி'. 2.4.53 வரை அதன் இயல்பு மதிப்பு வரம்பற்றது; 2.4.54 முதல் 1 ஜிபி. எனவே தற்செயலாக இதில் மாட்டுவது அரிது. பழைய பகிர்வு சர்வர்களில் பிஎச்பியை 'மாட்_எஃப்சிஜிஐடி' வழியே இயக்குபவர்களுக்கு நிலைமை வேறு. அதன் 'எஃப்சிஜிஐடிமேக்ஸ்ரிக்வெஸ்ட்லென்' அமைப்பின் இயல்பு மதிப்பு 131072 பைட், அதாவது வெறும் 128 கேபி. அதைத் தாண்டினால் 413 வராமல் 500 வருவதால் பலர் நிரலில் பிழை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். விண்டோஸின் ஐஐஎஸ் சர்வரில் வரம்பு 3 கோடி பைட், மீறினால் 404.13 என்ற எண் வரும். அது 'பக்கம் இல்லை' என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

சர்வருக்கு முன்னால் இன்னொரு அடுக்கும் இருக்கலாம். கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கை 100 எம்பியைத் தாண்ட முடியாது. சொந்தச் சர்வரில் எந்த வரம்பை உயர்த்தினாலும் இது மாறாது. மாட்செக்யூரிட்டி போன்ற காவல் அடுக்குக்கும் தனி அளவு வரம்பு உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தில் ஏதோ ஒரு வரி தாக்குதல் போலத் தோன்றினாலும் அது 403 கொடுத்துத் தடுத்துவிடும். ஒரு குறிப்பிட்ட கோப்பு மட்டும் எப்போதும் தோற்று, அதே அளவுள்ள மற்றவை தேறினால் இந்த அடுக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸ் பெரிய பொதியை முழுவதும் வாங்கித் தன் சொந்தத் தற்காலிகக் கோப்புறையில் எழுதிய பிறகே பிஎச்பிக்குக் கொடுக்கிறது. அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லையென்றாலோ வட்டு நிரம்பிவிட்டாலோ 500 வரும்; காரணம் என்ஜின்எக்ஸின் எரர் லாகில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். சிறிய கோப்புகள் மட்டும் தேறிப் பெரியவை மட்டும் தோற்பது இதன் அடையாளம், ஏனெனில் சிறியவை நினைவகத்திலேயே அடங்கிவிடுகின்றன.

பிஎச்பியின் வரம்புகள்

பிஎச்பியில் பார்க்க வேண்டிய அமைப்புகள் நான்கு. 'ஃபைல்_அப்லோட்ஸ்' இயக்கத்தில் இருக்க வேண்டும், இயல்பாகவே இருக்கும். 'அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்' ஒரு கோப்பின் வரம்பு. இயல்பு மதிப்பு 2 எம்பி. 'போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்' முழுப் பொதியின் வரம்பு; 8 எம்பி. 'மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ்' ஒரே கோரிக்கையில் வரக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை, 20.

கடைசியாகச் சொன்னது அமைதியாகத் தீங்கு செய்யும். பயனர் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தால் முதல் 20 மட்டும் நிரலுக்குக் கிடைக்கும். மற்ற ஐந்துக்கும் பிழை எண் எதுவும் இருக்காது. அவை அணியில் இடம்பெறுவதே இல்லை. லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் பதிவாகும். திருமணப் புகைப்படத் தொகுப்பையோ ஒரு மாணவரின் சான்றிதழ்களையோ வாங்கும் தளத்தில் இது கடுமையான இழப்பு. உலாவியில் தேர்ந்தெடுத்த கோப்புகளின் எண்ணிக்கையைத் தனிப் புலத்தில் அனுப்பி, வந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுவது நல்ல காவல்.

'போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்' மீறப்படும்போது நடப்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிஎச்பி 413 அனுப்புவதில்லை; நிரலை நிறுத்துவதும் இல்லை. 'போஸ்ட்' அணியையும் 'ஃபைல்ஸ்' அணியையும் முழுக்கக் காலியாக்கிவிட்டு நிரலை ஓட விடுகிறது. படிவத்தில் நிரப்பிய பெயர், முகவரி, பாதுகாப்பு டோக்கன் எல்லாம் சேர்ந்தே மறைந்துவிடும். ஆகவே திரையில் வருவது 'பெயரை நிரப்பவும்' என்றோ 'டோக்கன் தவறு' என்றோ இருக்கும். கோப்பின் அளவைப் பற்றி யாரும் எண்ண மாட்டார்கள். முறை 'போஸ்ட்', இரு அணிகளும் காலி, ஆனால் 'கன்டென்ட்_லெங்த்' மதிப்பு பூச்சியத்தைவிடப் பெரிது என்ற மூன்றும் ஒருசேர இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தச் சோதனையை நிரலின் தொடக்கத்திலேயே வைத்து, 'அனுப்பிய கோப்பு மிகப் பெரியது' என்று பயனருக்குச் சொல்ல வேண்டும்.

வரம்புகளை உயர்த்தும்போது உள்ளிருந்து வெளியே கணக்கிடுவது நல்லது. ஒவ்வொன்றும் 20 எம்பி வரை உள்ள மூன்று கோப்புகள் வரும் படிவத்துக்கு, ஒரு கோப்பின் வரம்பு 20, பொதியின் வரம்பு 64, என்ஜின்எக்ஸின் வரம்பு 65 எம்பி என வைக்கலாம். வெளி அடுக்கு எப்போதும் சற்றுப் பெரிதாக இருந்தால், மீறலை நிரல் தானே கண்டு தமிழில் விளக்கம் சொல்ல முடியும். வெளி அடுக்கு முந்திக்கொண்டால் பயனருக்குக் கிடைப்பது ஒரு வெறும் எண் பக்கம்.

மதிப்பை எழுதும் முறையிலும் ஒரு குழி இருக்கிறது. எம்பி என்பதற்கு ஆங்கிலத்தின் 'எம்' என்ற ஒற்றை எழுத்தைத்தான் எண்ணுடன் ஒட்டி எழுத வேண்டும். 'எம்பி' என்று இரண்டு எழுத்தும் எழுதினால் பிஎச்பி அதை அலகாக ஏற்காமல் எண்ணை மட்டும் பைட்டாக எடுத்துக்கொள்ளும். 64 எம்பி என்று நினைத்தது 64 பைட்டாகிவிடும். பிஎச்பி 8.2 முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது. பழைய பதிப்புகள் எதுவும் சொல்வதில்லை.

மாற்றம் பலிக்காவிட்டால், மாற்றியது சரியான கோப்புதானா என்று பார்க்க வேண்டும். டெபியன், உபுண்டு சர்வர்களில் அப்பாச்சிக்கு ஒன்று, பிஎச்பியைத் தனிச் சேவையாக இயக்கும் எஃப்பிஎம்முக்கு ஒன்று, கட்டளை வரிக்கு ஒன்று என மூன்று தனித்தனி பிஎச்பி.ஐஎன்ஐ கோப்புகள் இருக்கும். கட்டளை வரியில் 'பிஎச்பி -ஐ' காட்டும் மதிப்புக்கும் வலைத்தளத்தில் நடப்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. தளத்தின் வழியே 'பிஎச்பிஇன்ஃபோ' பக்கத்தைத் திறந்து, 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்ற வரியில் உள்ள பாதையைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பக்கம் சர்வரின் உள்விவரங்கள் அனைத்தையும் காட்டுவதால், பார்த்த உடனே அழித்துவிட வேண்டும்.

நிரலுக்குள் 'ஐஎன்ஐ_செட்' எழுதி இந்த வரம்புகளை உயர்த்த முடியாது. நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பிஎச்பி பொதியை வாங்கிப் பிரித்து முடித்துவிடுகிறது. அப்பாச்சியின் உள்ளே பிஎச்பி இயங்கினால் .எச்டிஅக்சஸ் கோப்பில் 'பிஎச்பி_வேல்யூ' வரியாக எழுதலாம். எஃப்பிஎம்மில் அதே வரி 500 பிழையைத் தரும், அங்கே .யூசர்.ஐஎன்ஐ என்ற கோப்பு வேண்டும். அதன் மதிப்புகளை பிஎச்பி இயல்பாக 300 விநாடி நினைவில் வைத்திருக்கும். எழுதியதும் பலிக்கவில்லை என்று அடித்துத் திருத்தாமல் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். முதன்மை ஐஎன்ஐ கோப்பை மாற்றினால் எஃப்பிஎம் சேவையை மறுபடி ஏற்ற வேண்டும். என்ஜின்எக்ஸை மட்டும் மறுபடி இயக்குவது பயன் தராது.

பிழை எண்

கோப்பு பிஎச்பியை எட்டிவிட்டால், 'ஃபைல்ஸ்' அணியில் ஒவ்வொரு கோப்புக்கும் 'எரர்' என்ற புலத்தில் ஓர் எண் இருக்கும். மற்ற எந்தப் புலத்தையும் தொடுவதற்கு முன் இதைப் படித்து, பூச்சியம் இல்லையென்றால் லாகில் எழுத வேண்டும். இதைச் செய்யாத நிரல், தனக்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் காதில் வாங்காமலே 'தோல்வி' என்கிறது.

பூச்சியம் என்றால் வந்து சேர்ந்தது. 1 என்றால் 'அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்' வரம்பு மீறப்பட்டது. 2 என்றால் படிவத்தில் மறைபுலமாக எழுதிய 'மேக்ஸ்_ஃபைல்_சைஸ்' மீறப்பட்டது. இந்தப் புலம் கோப்புப் புலத்துக்கு முன்னால் இருந்தால்தான் வேலை செய்யும், யாரும் அதை மாற்றி அனுப்ப முடியும் என்பதால் அதைக் காவலாக நம்பக் கூடாது. 3 என்றால் கோப்பு பாதி மட்டும் வந்தது. கைப்பேசி இணைப்பு அறுந்ததும் பயனர் பக்கத்தை மூடியதும் வழக்கமான காரணங்கள். 4 என்றால் பயனர் கோப்பு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கோப்பு கட்டாயமில்லாத படிவத்தில் இது பிழையே ஆகாது. 5 பயன்பாட்டில் இல்லை. 6 என்றால் தற்காலிகக் கோப்புறை இல்லை, 7 என்றால் வட்டில் எழுத முடியவில்லை. 8 என்றால் பிஎச்பியின் ஏதோ ஒரு நீட்சி பதிவேற்றத்தை நிறுத்தியது. எது என்று பிஎச்பி சொல்லாது, ஏற்றப்பட்ட நீட்சிகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1, 2 பயனரிடம் 'கோப்பைச் சிறிதாக்கவும்' என்றும், 3 'மறுபடி முயலவும்' என்றும் சொல்லத்தக்கவை. 6, 7, 8 வந்தால் பயனரால் ஆவது ஒன்றுமில்லை. சர்வரைப் பராமரிப்பவருக்கு உடனே தகவல் போக வேண்டும்.

பல கோப்புகளை ஒரே புலத்தில் வாங்கும்போது, புலத்தின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறி சேர்த்தால், அணியின் வடிவம் மாறிவிடும். கோப்பு வாரியாகப் பண்புகள் வராமல், பண்பு வாரியாகக் கோப்புகள் வரும்: எல்லாப் பெயர்களும் ஒரு அணியில், எல்லாப் பிழை எண்களும் இன்னொரு அணியில். ஒற்றைக் கோப்புக்கு எழுதிய நிரலை மாற்றாமல் விட்டால் பிழை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அணியே நிற்கும்; ஒப்பீடு எப்போதும் தோற்கும்.

தற்காலிகக் கோப்புறை

பிழை எண் 6, 7 ஆகியவற்றுக்கான வேர் 'அப்லோட்_டிஎம்பி_டிர்' அமைப்பில் இருக்கிறது. அது காலியாக இருந்தால் பிஎச்பி இயங்குதளத்தின் தற்காலிகக் கோப்புறையை எடுத்துக்கொள்ளும். 'ஓபன்_பேஸ்டிர்' கட்டுப்பாடு உள்ள பகிர்வு சர்வர்களில், அனுமதித்த பாதைகளின் பட்டியலில் இந்தக் கோப்புறையும் இருக்க வேண்டும். வட்டு நிரம்பியிருக்கிறதா என்று 'டிஎஃப் -எச்' கட்டளையால் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் 'டிஎஃப் -ஐ' கொடுத்து ஐநோடுகள் தீர்ந்துவிட்டனவா என்றும் பார்க்க வேண்டும். பல லட்சம் சிறிய செஷன் கோப்புகள் குவிந்த சர்வரில் இது நடக்கும்.

கோப்பு வந்ததா என்று தற்காலிகக் கோப்புறையைத் திறந்து பார்ப்பவருக்கு அங்கே எதுவும் தெரியாது. நிரல் முடிந்ததும், நகர்த்தப்படாத தற்காலிகக் கோப்பை பிஎச்பி அழித்துவிடும். மேலும் சிஸ்டம்டியின் 'பிரைவேட்டிஎம்பி' அமைப்பு இயங்கும் சேவைக்கு, அது காணும் தற்காலிகக் கோப்புறை வேறு, முனையத்தில் உள்ளவர் காணும் கோப்புறை வேறு.

நகர்த்தலும் அனுமதியும்

பிழை எண் பூச்சியம், ஆனால் கோப்பு உரிய இடத்தில் இல்லை என்றால் 'மூவ்_அப்லோடட்_ஃபைல்' செயற்கூறு தோற்றிருக்கிறது. அது உண்மை அல்லது பொய் என்று விடை தருகிறது; அந்த விடையைச் சோதிக்காமல் 'வெற்றி' என்று அச்சிடும் நிரல்கள் ஏராளம். தோல்விக்கான காரணத்தை பிஎச்பி லாகில் எழுதும்.

'அப்படி ஒரு கோப்புறை இல்லை' என்ற பொருளில் எச்சரிக்கை இருந்தால் பாதை தவறு. சார்புப் பாதை, நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும் என்று நினைப்பது தவறு. அது அப்போதைய செயல் கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும். '__டிர்__' மாறிலியில் தொடங்கி முழுப் பாதையை எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். விண்டோஸில் எக்ஸாம்ப் கொண்டு எழுதிய நிரலை லினக்ஸ் சர்வருக்கு மாற்றியதும் தோற்றால், கோப்புறைப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொய் என்று மட்டும் வந்தால், அதே தற்காலிகக் கோப்பை நிரல் இரண்டாம் முறை நகர்த்த முயன்றிருக்கலாம்.

'அனுமதி மறுப்பு' என்றிருந்தால் முதலில் பிஎச்பி எந்தப் பயனராக இயங்குகிறது என்று அறிய வேண்டும். டெபியன், உபுண்டுவில் அது வழக்கமாக 'டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா'; ரெட்ஹேட் குடும்பத்தில் 'அப்பாச்சி'. எஃப்பிஎம்மில் ஒவ்வொரு பூலுக்கும் தனிப் பயனர் வைக்கலாம் என்பதால் பூல் கோப்பையே பார்ப்பது உறுதி. அந்தப் பயனருக்குக் கோப்புறையில் எழுதும் உரிமையும், அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்து செல்லும் உரிமையும் வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் இல்லக் கோப்புறைக்கு 750 அனுமதியே இயல்பு. தளத்தை இல்லக் கோப்புறைக்குள் வைத்தவர், கடைசிக் கோப்புறைக்கு எந்த அனுமதி கொடுத்தாலும் சர்வரால் உள்ளே வரவே முடியாது. 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் வழியில் உள்ள எல்லாக் கோப்புறைகளின் அனுமதியும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

777 கொடுப்பது தீர்வு ஆகாது. சர்வரில் உள்ள எந்தப் பயனரும், ஊடுருவப்பட்ட பக்கத்துத் தளமும் அங்கே எழுதலாம் என்பதே அதன் பொருள். கோப்புறையின் உரிமையாளராக பிஎச்பியின் பயனரை வைத்து, கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 வைத்தால் போதும்.

ரெட்ஹேட், ராக்கி, அல்மா லினக்ஸ் சர்வர்களில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் அது எஸ்இலினக்ஸின் வேலை. 'எல்எஸ் -இசட்' கட்டளை கோப்புறையின் முத்திரையைக் காட்டும். வலைச் சர்வர் எழுத வேண்டிய கோப்புறைக்கு 'எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யு_கன்டென்ட்_டி' என்ற முத்திரை வேண்டும். அதை 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளையால் பதிந்து, 'ரீஸ்டோர்கான்' கட்டளையால் இட வேண்டும். 'சிஎச்கான்' மட்டும் கொடுத்தால், பிற்பாடு முழு வட்டுக்கும் முத்திரையிடும்போது பழைய நிலை திரும்பிவிடும். காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய எஸ்இலினக்ஸைச் சில நொடி எச்சரிக்கை நிலைக்கு மாற்றிப் பார்க்கலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது.

பெயரும் வகையும்

பதிவேற்றம் தேறிய பிறகும் கோப்பு திறக்காமல் போவதற்குப் பெயரே காரணமாகலாம். தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'விண்ணப்பம்' என்ற சொல் மட்டும் 30 பைட் எடுக்கும். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆகவே சுமார் 85 குறிகளுக்கு மேல் நீளும் தமிழ்ப் பெயரை எழுத முடியாமல் நகர்த்தல் தோற்கும். 'கொ' போன்ற எழுத்தை ஒற்றை உயிர்க்குறியோடும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; வட்டுக்கு இரண்டும் வேறு. தரவுத்தளத்தில் ஒரு வடிவமும் வட்டில் மற்றொரு வடிவமும் பதிந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்புக்கு 404 வரும்.

இதற்கும், வேண்டுமென்றே தீய பெயரிடுபவர்களுக்கும் ஒரே மருந்து உண்டு: பயனர் தந்த பெயரில் கோப்பைச் சேமிக்கவே கூடாது. 'ரேண்டம்_பைட்ஸ்' தரும் 16 பைட்டைப் பதினாறடிமான எழுத்துகளாக்கினால் 32 எழுத்தில் ஒரு பெயர் கிடைக்கும். அதையே வட்டில் பயன்படுத்தி, பயனர் இட்ட தமிழ்ப் பெயரைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, தரவிறக்கும்போது மட்டும் காட்டலாம்.

'ஃபைல்ஸ்' அணியின் 'டைப்' புலம் உலாவி சொன்னது. அதை யாரும் பொய்யாக அனுப்பலாம். 'ஃபின்ஃபோ' கொண்டு உள்ளடக்கத்திலிருந்து வகையைக் கண்டு, அனுமதித்த சில வகைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, நீட்டிப்பை நிரலே சூட்ட வேண்டும். பதிவேற்றும் கோப்புறையைத் தளத்தின் வேர்க் கோப்புறைக்கு வெளியே வைத்தால், ஒரு பிஎச்பி நிரல் படத்தின் வேடத்தில் நுழைந்தாலும் நேரடி முகவரி வழியே அதை யாராலும் இயக்க முடியாது. அப்பாச்சியில் 'ஆட்ஹேண்ட்லர்' வழியே பிஎச்பியை இணைத்திருந்தால், நடுவில் .பிஎச்பியும் கடைசியில் .ஜேபிஜியும் உள்ள பெயர்கூட நிரலாக ஓடிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஐபோன் பயனர்களின் படங்கள் மட்டும் நிராகரிக்கப்பட்டால், 2017இல் ஐஓஎஸ் 11 கொண்டுவந்த எச்இஐசி வடிவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது மட்டும் போதாது. ஜிடி நூலகத்தால் அதைத் திறக்க முடியாது. அந்த வடிவத்துக்கான ஆதரவோடு நிறுவிய இமேஜ்மேஜிக் போன்ற ஒன்றால் மாற்ற வேண்டும்.

படத்தின் அளவைக் குறைக்கும் இடத்தில் நிரல் வெள்ளைத் திரையோடு நின்றால் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்திருக்கிறது. ஜிடி ஒரு பிக்சலுக்கு 4 பைட் எடுக்கிறது. 8000க்கு 6000 பிக்சல் உள்ள கைப்பேசிப் படம் வட்டில் சில எம்பி மட்டுமே இருந்தாலும், திறந்ததும் 19 கோடியே 20 லட்சம் பைட் கேட்கும். 'மெமரி_லிமிட்' இயல்பு மதிப்போ 128 எம்பி. படத்தைத் திருப்பினால் இன்னொரு பிரதியும் வேண்டும். 'கெட்இமேஜ்சைஸ்' படத்தை முழுதாகத் திறக்காமலே பிக்சல் அளவைச் சொல்லிவிடும். ஆகவே அதைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு, தாங்காத படத்தைக் கண்ணியமாக மறுக்கலாம்.

மிகப் பெரிய கோப்புகள்

நூற்றுக்கணக்கான எம்பி கொண்ட காணொளிகளுக்கு வரம்புகளை உயர்த்திக்கொண்டே போவது நல்ல வழி அல்ல. 90 விழுக்காட்டில் இணைப்பு அறுந்தால் பயனர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; இடையே நிற்கும் ஒவ்வொரு அடுக்கின் கால வரம்பும் குறுக்கே வரும். உலாவியிலேயே கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, வரிசை எண்ணோடு ஒவ்வொன்றாக அனுப்பினால், இயல்பு வரம்புகளை ஒட்டியே பெரிய கோப்பையும் வாங்கலாம். அறுந்த துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே வகுக்கப்பட்டது. துண்டுகளைச் சேர்த்த பின் மொத்த அளவையும் ஹாஷ் மதிப்பையும் உலாவி அனுப்பியவற்றோடு ஒப்பிட வேண்டும். சேராத துண்டுகளை ஒரு நாளுக்குப் பின் அழிக்கும் கிரான் வேலையும் வேண்டும், இல்லாவிட்டால் கைவிடப்பட்ட பதிவேற்றங்களே வட்டை நிரப்பிவிடும்.